ஓ2 போட்டால் உறைகிறது, ஓ0 போட்டால் ஓடுகிறது: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பைலரின் (எழுதிய கோடைப் பிராசசருக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பதிப்பு எண் இல்லை. சிலவற்றில் எந்தப் பிராசசர் என்பதுகூட இல்லை. "ஓடவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் நான் சோழிதான் உருட்ட வேண்டும். பதிப்பு, பிராசசர், கம்பைலருக்குக் கொடுத்த ஆப்ஷன்கள் ஆகிய மூன்றையும் எழுதியவர்களுக்கே பெரும்பாலும் இடம் கொடுத்திருக்கிறேன். (தலைப்பில் உள்ளவையும் அத்தகைய ஆப்ஷன்கள்தான்: -ஓ0 என்றால் கோடை வேகப்படுத்த முயலாதே, -ஓ2 என்றால் நன்றாக வேகப்படுத்து, அதாவது ஆப்டிமைஸ் செய்.)

என் லேப்டாப்பில் கம்பைல் செய்த இறுதியாண்டு ப்ராஜெக்ட் அங்கே நன்றாக ஓடுகிறது. அதே ஃபைலை ஆய்வகக் கணினியில் போட்டால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. வைரஸாக இருக்குமோ? – மாணவர், காட்பாடி

வைரஸ் இல்லை. எங்கிருந்தோ நகலெடுத்த மேக்ஃபைலில் (எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் ஃபைல்) '-மார்ச்=நேட்டிவ்' என்று இருக்கும், திறந்து பாருங்கள். கம்பைல் செய்யும் கணினியில் என்னென்ன கட்டளைகள் உண்டோ அத்தனையையும் பயன்படுத்திக்கொள் என்பது அதன் பொருள். உங்கள் லேப்டாப்பில் ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைத் தொகுதி) இருக்கிறது, ஆய்வகக் கணினியில் இல்லை. "அதுவும் புதுக் கணினிதான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். இன்டெலில் ஏவிஎக்ஸ்2 வந்தது 2013இல், ஹாஸ்வெல் வரிசையோடு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விற்ற மலிவு விலைச் செலரான், பென்டியம் சிப்களில் அது கிடையாது. அந்த ஆப்ஷனை நீக்கி, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். அழிக்காமல் செய்துவிட்டு "நீங்கள் சொன்னபடி செய்தும் சரியாகவில்லை" என்று எழுத வேண்டாம்.

சி மொழியில் 1ஐ இடப்பக்கம் 32 இடம் நகர்த்தினால் ஒரு கணினியில் 1 வருகிறது, ஒரு 32 பிட் ஆர்ம் பலகையில் 0 வருகிறது. எது சரி? – வாலாஜாபேட்டை

இரண்டும் சரி, கணக்குதான் தவறு. 32 பிட் எண்ணை 31 இடம் வரைதான் நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் என்ன வரும் என்பதை மொழியின் விதி சொல்லவில்லை. எத்தனை இடம் என்ற எண்ணின் கடைசி 5 பிட்டை மட்டும் இன்டெல் பார்க்கிறது; 32க்கு அது 0, ஆகவே நகர்த்தவே இல்லை. பழைய ஆர்ம் (இன்டெலிலிருந்து வேறுபட்ட பிராசசர் வகை) 8 பிட்டைப் பார்க்கிறது, ஆகவே 32 இடமும் நகர்த்திவிடுகிறது. எச்சரிக்கைகளை அணைத்து வைக்காமல் இருந்திருந்தால் கம்பைலரே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

ஆம்பூரில் தோல் பரப்பளவு அளக்கும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதியவன் நான். பரப்பைக் கால் சதுர அடிக்கு முழுமையாக்கிப் பதிவு செய்வோம். பழைய இன்டெல் கணினியை எடுத்துவிட்டு 64 பிட் ஆர்ம் பலகைக்கு மாறினோம். அதே சென்சார் பதிவைக் கொடுத்துப் பார்த்தால் சில தோல்களுக்குக் கால் அடி வித்தியாசம் வருகிறது. ஆர்ம் பிராசசருக்குக் கணக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். உங்கள் பழைய கணினியைவிட ஒரு படி துல்லியமாகவே தெரியும், தொல்லையே அதுதான். பெருக்கல், கூட்டல் இரண்டையும் ஒரே கட்டளையில் செய்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்கும் எஃப்எம்ஏ கட்டளை 64 பிட் ஆர்மில் எப்போதும் உண்டு. ஜிசிசி கம்பைலர் அதைக் கேட்காமலேயே பயன்படுத்தும். இன்டெலில் நீங்கள் தனியாகக் கேட்டால்தான் பயன்படுத்தும். ஆகவே பழைய கணினி இரண்டு முறை முழுமையாக்குகிறது, புதியது ஒரு முறை. வித்தியாசம் பதினாறாவது தசம இலக்கத்தில்தான் இருக்கும். ஆனால் பரப்பு சரியாகக் கால் அடி எல்லைக் கோட்டின்மேல் விழுந்தால் அந்தத் துளி அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

உடனடி மருந்து, இப்படி ஒன்றாக்குவதைத் தடுக்கும் '-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்' ஆப்ஷன். நிரந்தர மருந்து, தசம எண்ணையே விட்டுவிடுவது. சென்சார் உங்களுக்குத் தருவது துடிப்புகளின் எண்ணிக்கை, அதாவது முழு எண். கடைசி வரை முழு எண்ணிலேயே கூட்டி, முழு எண்ணிலேயே எல்லையை ஒப்பிடுங்கள். எந்தப் பிராசசரும் அதில் முரண்படாது. இன்டெல் மட்டும் யோக்கியம் என்றும் எண்ண வேண்டாம். 32 பிட் காலத்தில் அது உள்ளே 80 பிட்டில் கணக்கிட்டு, நினைவகத்துக்கு வரும்போது 64 பிட்டாக வெட்டியது. அதைப் பற்றிய ஜிசிசியின் 323ஆம் எண் புகார் 2000ஆம் ஆண்டில் பதிவானது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதே புகாரை ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

கோப்பை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் புரோகிராம் ஆர்ம் பலகையில் முடிவில்லாமல் ஓடுகிறது. – சோளிங்கர்

படித்ததைக் கேரக்டர் வகை மாறியில் வைக்கிறீர்கள். இன்டெல் லினக்ஸில் அது குறை எண்ணும் ஏற்கும், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1 அங்கே 255 ஆகிவிடுகிறது. இன்ட் வகையில் வையுங்கள்.

எடைமேடைக்கு மென்பொருள் செய்கிறோம். எடையை வாங்க ஒரு த்ரெட், திரையில் காட்ட ஒரு த்ரெட். -ஓ2வில் திரை உறைந்துவிடுகிறது, -ஓ0வில் பிரச்சினையே இல்லை. ஜிசிசியில் பிழை என்று முடிவு செய்து -ஓ0விலேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டோம். வேகம் குறைவதைத் தவிர வேறு பாதிப்பு உண்டா? – சிறு நிறுவனம், வேலூர்

இந்தக் கடிதம் ஊரும் பெயரும் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. உங்கள் காட்டும் த்ரெட், 'தயார்' என்ற ஒரு மாறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. -ஓ0வில் கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்துக்குப் போய் அதைப் படிக்கும். -ஓ2வில் அது யோசிக்கிறது: இந்தச் சுற்றுக்குள் யாரும் இந்த மாறியைத் தொடவில்லை, எதற்குத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்? ஒரே ஒரு முறை ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) எடுத்துவைத்துக்கொண்டு அதையே பார்த்துச் சுற்றுகிறது. திரை உறைகிறது. இப்படிச் செய்ய மொழியின் விதி அதற்கு முழு உரிமை தருகிறது. இரண்டு த்ரெட்கள் தொடும் மாறியை வெறும் மாறியாக விட்டுவைத்தது உங்கள் குற்றம். -ஓ0 அந்தக் குற்றத்தைப் பாயின் அடியில் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த கடிதத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதும் தெரியும்: "வோலட்டைல் போட்டோம், சரியாகிவிட்டது." வோலட்டைல் என்பது, மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல். இன்டெலில் சரியானதுபோல் தோன்றும். இன்டெலும் ஏஎம்டியும், ஒரு கோர் (பிராசசருக்குள் தனியாக இயங்கும் பகுதி) எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்குக் காட்டும். ஆர்ம் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. நீங்கள் எடையை எழுதிவிட்டு 'தயார்' என்று எழுதினாலும், மற்றொரு கோருக்கு 'தயார்' முதலில் தெரிந்து எடை பிறகு தெரியலாம். நாளைக்கு வாடிக்கையாளர் பழைய கணினியைத் தூக்கிவிட்டுச் சிறிய ஆர்ம் பலகை வைப்பார். எப்போதாவது ஒரு நாள், முன்னால் போன லாரியின் எடை பின்னால் வந்த லாரியின் ரசீதில் அச்சாகும். அன்றைக்கு யார் மேல் பழி போடுவீர்கள்? சி11, சி++11 இரண்டிலும் இதற்கென்றே அட்டாமிக் வகைகள் இருக்கின்றன. பத்தாண்டுக்கு மேலாக இருக்கின்றன. பயன்படுத்துங்கள்.

-ஓ0விலேயே இருந்துவிடலாம் என்பவர்களுக்கும், "எங்களுடையது -ஓ2விலேயே பல ஆண்டாக ஓடுகிறது" என்று மார்தட்டுபவர்களுக்கும் இன்னொன்று. 2022இல் வந்த ஜிசிசி 12, அதுவரை -ஓ3இல் மட்டும் தானாகச் செய்துவந்த வெக்டரைசேஷனை (பல எண்களை ஒரே கட்டளையில் கையாளுவது) -ஓ2விலேயே செய்யத் தொடங்கியது. பைட் வரிசை ஒன்றை 32 பிட் எண் வரிசையாகக் காஸ்ட் செய்து (வகை மாற்றி) படிக்கும் பழைய கோடுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் படிக்கும்வரை இன்டெல் எந்த முகவரியையும் பொறுத்துக்கொண்டது. நான்கு நான்காக எடுக்கும்போது, முகவரி 16ஆல் வகுபட வேண்டும் என்று எதிர்பார்க்கும் கட்டளை சிக்கினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. கோடில் ஒரு வரி மாறவில்லை, மாறியது கம்பைலரின் பதிப்பு மட்டும்.

கம்பைலரில் பிழையே இருக்காது என்று சொல்லவில்லை. உண்டு, நிறைய உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. 'டபிள்யூ ஆல்', 'டபிள்யூ எக்ஸ்ட்ரா' இரண்டையும் போட்டு எல்லா எச்சரிக்கைகளையும் தீருங்கள். அன்டிஃபைன்டு, அட்ரஸ், த்ரெட் ஆகிய மூன்று சானிடைசர்களிலும் (ஓடும்போதே பிழை பிடிக்கும் கருவிகள்) தனித்தனியாக ஓட்டுங்கள். உங்கள் பிழையை த்ரெட் சானிடைசர் சில நொடிகளில் காட்டிவிடும். பிறகு பாதி ஃபைல்களை -ஓ0விலும் பாதியை -ஓ2விலும் கம்பைல் செய்து, பாதிபாதியாகக் குறைத்துக் குற்றவாளி ஃபைலைப் பிடியுங்கள். இருபது வரிக்குக் குறுக்கிய பிறகும் கோடு நிரபராதி என்றால் ஜிசிசிகாரர்களுக்கு எழுதுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஆப்டிமைசேஷனைக் கண்டு பயப்படுவது வேறு, தெரிந்து கட்டுப்படுத்துவது வேறு. 2009இல் லினக்ஸ் கெர்னலின் டன் (மெய்நிகர் நெட்வொர்க்) டிரைவரில், நினைவக முகவரி வைத்திருக்கும் பாயின்டர் ஒன்றைப் பயன்படுத்திவிட்டு அதற்குப் பிறகு அது வெற்றா என்று சோதித்திருந்தார்கள். 'பயன்படுத்தியாகிவிட்டது, ஆகவே வெற்றாக இருக்க முடியாது' என்று ஜிசிசி அந்தச் சோதனையை நீக்கிவிட்டது. அது பெரிய பாதுகாப்பு ஓட்டையானது. அவர்கள் -ஓ0வுக்கு ஓடிவிடவில்லை. கோடைத் திருத்தினார்கள், அந்த ஒரு நீக்கலை மட்டும் தடுக்கும் ஆப்ஷனைச் சேர்த்தார்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆர்டுயினோ ஊனோவில் ஓட்டமானி செய்தேன். வோலட்டைல் போட்டிருக்கிறேன். ஆனாலும் எண்ணிக்கை 255க்குப் பக்கத்தில் எப்போதாவது 511 என்று காட்டுகிறது. – ராணிப்பேட்டை

பதிப்பு, சிப், ஆப்ஷன் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அது 8 பிட் சிப். 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகப் படிக்கிறது. கீழ்ப் பாதியை 255 என்று படித்தபின் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடு) வந்து எண்ணை 256 ஆக்குகிறது, மேல் பாதியை 1 என்று படிக்கிறது. சேர்த்தால் 511. இன்டரப்ட்டை ஒரு கணம் நிறுத்தி, எண்ணை வேறொரு மாறியில் நகலெடுத்துக்கொண்டு, உடனே திறந்துவிடுங்கள். முன்பே சொன்னதுதான்: வோலட்டைல் என்பது 'படி' என்ற ஆணை மட்டும், பூட்டு இல்லை.

பட்டுச்சேலை டிசைன் படத்தை ஒரே பஃபருக்குள் இரண்டு வரி தள்ளி நகர்த்துகிறோம். புதுக் கணினியில் மட்டும் கோடு கோடாக வருகிறது. – ஆரணி

(ஆரணி வேறு மாவட்டமாகி எவ்வளவோ காலம் ஆகிறது, கடிதம் மட்டும் இன்னும் வேலூருக்கே வருகிறது. மகிழ்ச்சி.) நினைவகத்தை நகலெடுக்க நீங்கள் அழைக்கும் மெம்காப்பியை மெம்மூவ் ஆக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களுக்கு மெம்காப்பி கூடாது. 2010இல் ஃபெடோரா 14 வந்தபோது ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்தது இதே காரணத்தால்தான். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, சில புதிய இன்டெல் பிராசசர்களில் மட்டும் வேகத்துக்காகப் பின்னாலிருந்து நகலெடுக்கத் தொடங்கியிருந்தது.

'நேன்' வந்திருக்கிறதா என்று சோதிக்கும் வரி வேலை செய்யவில்லை. – வாணியம்பாடி

'-எஃப்ஃபாஸ்ட்-மேத்' போட்டிருக்கிறீர்கள். நேன் (எண் அல்லாத விடை) வரவே வராது என்று நீங்களே உறுதி கொடுத்தபின் கம்பைலர் அந்தச் சோதனையை எதற்கு வைத்திருக்கும்? அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள்.

வேலூர் வெயிலில் பிராசசர் சூடாகித் தவறாகக் கணக்கிடுமா? -ஓ2வில் மட்டும் எங்கள் சம்பளப் பட்டியலில் 40ஆவது ஊழியருக்குத் தவறான தொகை வருகிறது. – சத்துவாச்சாரி

சூடானால் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலுக்கு 40ஆவது ஊழியர்மேல் மட்டும் என்ன பகை? தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறி ஒன்று இருக்கும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டுங்கள், வரி எண்ணோடு சொல்லும். சம்பளத்தை அதுவரை கையால் சரிபார்த்துக் கொடுங்கள்.