அடிதடி கண்ட கண்ணுக்கு வரும் கனவு

தெருவில் நடந்த வெட்டுக்குத்தை எட்டு வயது மகன் நேரில் பார்த்துவிட்டான். ராத்திரி அலறுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை. (குளச்சல்)

கயிறு கையில் கிடக்கட்டும், அம்மா. எத்தனை மணிக்கு அலறுகிறான் என்று கவனியுங்கள். படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் ஞாபகம் இல்லையென்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் மிரட்சி. உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள். விடியும் முன் எழுந்து கண்டதைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. முழுக்கச் சொல்ல விடுங்கள். ஈராக்கில் வன்முறைக்கு நடுவே வளர்ந்த குர்திஷ் இனப் பிள்ளைகளின் கனவுகளை ஆராய்ந்து 2005இல் ஒரு ஆய்வு வந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கனவும் அதிகம், அதில் ஆபத்தும் அதிகம். உங்கள் மகன் கோழை இல்லை. "ஆம்பளப் பிள்ள அழலாமா" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ரப்பர் வெட்டுக்குப் போகிறவன் நான். வேலை நாளில் கனவே கிடையாது. மழைக்கு வெட்டு நின்றால் பழைய அடிதடியெல்லாம் வருகிறது. (குலசேகரம்)

கனவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியலை நெருங்க நெருங்க அது நீளும். மூன்று மணிக்கே எழுந்து போகும் உங்களுக்கு அந்த நீளமான பங்கு கிடைப்பதில்லை. மழை நாளில் உடம்பு நிலுவையை வாங்கிக்கொள்கிறது. மறக்கக் குடிக்காதீர்கள்: மது முன்னிரவில் கனவை அமுக்கும், பின்னிரவில் கூடுதலாய்க் கிளப்பும்.

செல்போனில் பார்க்கும் வெட்டு வீடியோவும் கனவில் வருமா? (மார்த்தாண்டம்)

வரும். அன்றைக்கே வரலாம், ஐந்தாறு நாள் கழித்தும் வரலாம். படுக்கப் போகும்போது பார்க்காதீர்கள்.

கணவரை விட்டு வந்து இரண்டு வருடம். தாழ்ப்பாள் ஆடும் சத்தம், அவர் நுழைவது, அதே கனவு. (தக்கலை)

நடந்தது நடந்தபடியே திரும்பி வருவது ஆறாத காயத்தின் அடையாளம், சகோதரி. இதற்கு வழி இருக்கிறது. பகலில், மனம் நிதானமாக இருக்கும்போது, அந்தக் கனவை எழுதி, உங்களுக்குப் பிடித்தபடி மாற்றுங்கள். என்னிடம் வந்த ஒருவர், தாழ்ப்பாள் ஆடும் இடத்தில், அக்காமார் மூன்று பேர் முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டு "யாரது?" என்று கேட்பதாக மாற்றி எழுதினார். புதிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சில வாரத்தில், தாழ்ப்பாள் ஆடியும் அவர் திடுக்கிட்டு விழிக்கவில்லை.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவி எண் 14416க்கு அழைத்தும் தமிழில் பேசலாம். கணவர் இன்னும் உங்களைத் தேடி வந்து மிரட்டுகிறார் என்றால் கனவு அப்புறம். முதலில் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.