மண்டபத்துக்கு முன்னால் இலைக்கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் அவரும் நான்கு ஆண்டுகளாகப் பழகி வருகிறோம். எனக்குச் சொந்த ஊர் திருச்சிக்குப் பக்கம், அவருக்குக் கோயம்புத்தூர். இருவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். ஒருவழியாக இரண்டு வீட்டிலும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் திருமணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. சம்மதம் கிடைத்த மறுநாளிலிருந்து "மண்டபம் பார்த்தாச்சா?" என்று கேட்காதவர்கள் இல்லை. எங்களுக்கு 300 பேரோடு எளிமையாக நடத்த ஆசை. அப்பாவோ ஆயிரம் பேருக்குக் குறையாமல் பட்டியல் சொல்கிறார். எங்கள் இருவருடைய சேமிப்பையும் சேர்த்தால் 6 லட்சம் ரூபாய் வரும். எதிலிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: மண்டபத்தைத் தவிர வேறு எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த நொடியில் தேதி, ஊர், கூட்டத்தின் அளவு, செலவின் அளவு ஆகிய நான்கும் உங்களைக் கேட்காமலேயே முடிவாகிவிடும். அதன்பிறகு நீங்கள் இருவரும் பேசுவதற்குப் புடவையின் நிறம்தான் மிஞ்சும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டே எண்களை எழுதுங்கள். முதலாவது, நீங்கள் இருவரும் கடன் வாங்காமல் போடக்கூடிய தொகை. 6 லட்சம் இருக்கிறது என்பதற்காக 6 லட்சத்தையும் எழுத வேண்டாம். திருமணத்துக்குப் பிறகு வாடகை வீட்டுக்கு முன்பணம், அடுப்பு, கட்டில், முதல் மூன்று மாதச் செலவு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை எழுதுங்கள். இரண்டாவது, இலைகளின் எண்ணிக்கை. திருமணச் செலவில் பெரும்பகுதி ஏறுவதும் இறங்குவதும் இந்த எண்ணைப் பொறுத்துத்தான். ஓர் இலைக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 300 பேருக்கு 90,000 ரூபாய், 1,000 பேருக்கு 3 லட்சம் ரூபாய். அதுவும் ஒரே ஒரு வேளைக்கு. நம் ஊரில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று பந்திகள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலேயே வந்து போய்விடுவதால், விடியற்காலை முகூர்த்தமாக இருந்தால் காலைப் பந்தியில் கூட்டம் நன்றாகக் குறைந்துவிடும். மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சமையல்காரரிடம் சொல்வது வீண் செலவு. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

இனி உங்கள் அப்பாவின் ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பெற்றோரைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பட்டியலைப் பெருமைக்காகச் சேர்த்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மொய் நோட்டு ஒன்று இருக்கக்கூடும். நீண்ட கோடு போட்ட அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் பெயரில் தொடங்கியிருக்கும். கீழே ஊர்ப்பெயர், தகப்பனார் பெயர், 51, 101, 501 என்று தொகைகள் வரிசையாக இறங்கும். உங்கள் அப்பா முப்பது ஆண்டுகளாகப் பேருந்து பிடித்துப் போய், யார் யாருடைய வீட்டு விசேஷத்திலோ எழுதிய மொய்க்கும் அவர் மனதில் கணக்கு உண்டு. அழைக்காவிட்டால் அந்த வீடுகளுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே இருக்கும் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகும். பணம் போவதைவிட, "நம்மை மறந்துவிட்டார்" என்ற சொல்லுக்குத்தான் அவர் அஞ்சுகிறார். பத்திரிகையில் "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று அச்சிட நீங்கள் இருவரும் ஆசைப்பட்டிருந்தால், அதை அப்பாவிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு அது எளிமையாகத் தோன்றும், அவருக்கோ திரும்பி வரவேண்டிய கைகளைத் தட்டிவிடுவதாகத் தோன்றலாம்.

ஆகவே "ஏன்பா இவ்வளவு பேர்?" என்று கேட்பதற்குப் பதிலாக, அவரோடு உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்துப் பாருங்கள். யாரை நேரில் போய்ப் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும், யாருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், யார் வீட்டிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள், யார் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் தலைகாட்டுவார் என்று அவரே பிரித்துச் சொல்வார். ஆயிரம் என்று வாயால் சொன்னது, எழுதிப் பார்த்தால் சாப்பாட்டுக் கணக்கில் அறுநூறாக இறங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 300 என்ற உங்கள் எண்ணுக்கு அது வராமலும் போகலாம். அப்போது சொந்த ஊரில் அப்பாவின் உறவுகளுக்கு ஒரு வரவேற்பும், திருமணத்தை நெருங்கியவர்களோடு மட்டும் நடத்துவதுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இதே பேச்சை உங்களை மணக்கப்போகிறவர் தம் வீட்டில் பேச வேண்டும். அதை நீங்கள் பேசக் கூடாது, உங்கள் வீட்டில் அவரும் பேசக் கூடாது. வரப்போகும் மருமகள் செலவைக் குறைக்கச் சொன்னாள் என்ற சொல் ஒருமுறை விழுந்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். மொய் வாங்குவதும் வாங்காததும், கல்யாணச் செலவு எந்த வீட்டைச் சேர்ந்தது என்பதும் வட்டாரத்துக்கு வட்டாரம், சமூகத்துக்குச் சமூகம் மாறுபவை. திருச்சிப் பக்கத்துப் பழக்கம்தான் கோவையிலும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், எந்தச் செலவு யாருடையது என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டாரும் வாய்விட்டுப் பேசி எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பேச்சில் "பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; சட்டம் இருக்கட்டும், அந்த இடத்தில் அவர் வாய்திறந்து "வேண்டாம்" என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு மண்டபம் பாருங்கள். மார்கழியில் திருமணம் வைப்பதில்லை என்பதால் தை பிறந்ததும் முகூர்த்த நாட்களுக்கு நெரிசல் கூடும். ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறை முகூர்த்தமும் சேர்ந்த நாளை விட்டு, வார நாள் முகூர்த்தத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். மண்டபத்தில் மேடை அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணுங்கள். வாடகை போக மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திர வாடகை, ஜி.எஸ்.டி. ஆகியவை தனியா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என் தங்கை திருமணத்தில், உள்ளே நுழைந்தபோது மின்மீட்டர் அளவை யாரும் குறிக்கவில்லை. மறுநாள் பகலில் மண்டபத்தார் சொன்ன யூனிட்டுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் சீர்ப் பாத்திரங்களை வண்டியில் ஏற்ற முடிந்தது. வாசலில் கோலம் போடும் நேரத்திலேயே உங்கள் சித்தப்பாவோ தம்பியோ மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் இருவரும் வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இந்துக்கள். புரோகிதர் இல்லாமல், பெரியவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றித் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறோம். இது சட்டப்படி செல்லுமா? எப்போது பதிவு செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாகச் செல்லும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் தமிழ்நாடு அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். இவற்றுள் ஒன்று போதும். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு மதத்தவராக இருந்து, மதம் மாறாமல் மணக்க விரும்பினால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. அங்கே திருமணப் பத்திரிகையையும் கேட்பார்கள். அதில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் கல்விச் சான்றிதழிலும் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்பதை, பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.