“நல்லா இருக்கேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வரும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் ஏற்றுகிறார்கள். நான்கில் இரண்டு முடிந்திருக்கிறது. அதன்பிறகு வாராவாரம் பாக்லிடாக்ஸெல். ஏற்றிய அன்று ஒன்றும் தெரிவதில்லை. மூன்றாம் நாள் வாந்தி தொடங்குகிறது, எட்டாம் நாள் வாக்கில் வாய்ப்புண், பாதி நேரம் படுக்கைதான். ஆனால் டாக்டர் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிடுகிறார். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம். ‘உடம்பு படுத்தினால்தான் மருந்து வேலை செய்கிறது’ என்று யாரோ சொன்னதை வேறு நம்புகிறார். அவருக்குத் தெரியாமல் நான் டாக்டரிடம் சொல்லலாமா? — ஒரு வாசகி

பதில்: அந்த ‘யாரோ’ சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்குகிறது. புற்றுநோய் செல் மட்டுமல்ல, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், முடியின் வேர் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. வாந்தியோ மூளையில் இருக்கும் குமட்டல் மையம் தூண்டப்படுவதால் வருவது. இவற்றில் எதுவுமே கட்டியின் மீது மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு அளவுகோல் அல்ல. ஒருமுறைகூட வாந்தி எடுக்காதவருக்கும் மருந்தின் பலன் கிடைக்கும்.

மருந்தைக் குறைப்பார்களோ என்ற பயத்தை அப்படி ஒதுக்க முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருக்கத் தரும் கீமோவை முழு டோஸில், குறித்த தேதியில் கொடுக்கத்தான் மருத்துவர்களும் பாடுபடுவார்கள். ஆனால் வாந்தி என்று சொன்னதும் யாரும் கீமோவைக் குறைப்பதில்லை, வாந்தி மாத்திரையைத்தான் மாற்றுவார்கள். வெள்ளை அணு மிகவும் இறங்கினால், கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போடும் வழி இருக்கிறது. வீட்டில் மறைத்துவைத்த காய்ச்சலாலும், சாப்பிடாமல் இறங்கிய எடையாலும்கூடத் தேதி தள்ளிப்போகலாம், டோஸ் குறையலாம். மருந்தின் அளவையே உயரமும் எடையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடை 10 சதவீதம் மாறினால் திரும்பக் கணக்குப் போடுவார்கள். அம்மா எதற்குப் பயந்து மறைக்கிறாரோ, அதை அந்த மறைப்பே கொண்டுவந்துவிடும்.

இனி வாந்தி. இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் அது வாந்தியை அதிகம் உண்டாக்கும் வகை. முதல் 24 மணி நேர வாந்திக்குக் குடலில் சுரக்கும் செரட்டோனின் என்ற பொருள் முக்கியக் காரணம், அதை ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை நன்றாக அடக்கும். அம்மாவுக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வருவது வேறு ரகம். மூளையில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற இன்னொரு பொருள் ஆட்சி செய்யும் நேரம் அது. அப்போது ஆன்டான்செட்ரானை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் வாந்தி நிற்காது, மலச்சிக்கலும் தலைவலியும்தான் மிச்சம். இந்தக் கட்டத்துக்கு அப்ரெபிடன்ட், ஒலான்சபின் போன்றவை இருக்கின்றன. ‘மூன்றாம் நாள் வாந்திக்கு எங்கள் சீட்டில் என்ன இருக்கிறது? ஒலான்சபின் சேர்க்கலாமா?’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

ஒலான்சபின் ஏற்கெனவே சீட்டில் இருந்தால், அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அட்டைக்குள் இருக்கும் தாளில் ‘மனச்சிதைவுக்கான மருந்து’ என்று படித்துவிட்டு, நமக்கு எதற்கு இது என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் அளவு 2.5 முதல் 10 மில்லிகிராம்வரை, இரவில், சில நாள்களுக்கு மட்டும். தூக்கம் வரும். காலையிலும் அசதி இருந்தால் அளவைக் குறைக்கச் சொல்லலாம். வாந்தி மாத்திரைகளை வாந்தி வந்தபிறகு போடுவது பாதிப் பலன்தான். குறித்த நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் போடவேண்டும். வாந்திக்குத் தரும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் சீட்டில் இருந்தால் அதைக் காலையில் போடவேண்டும். மாலையில் போட்டால் இரவு முழுக்க விழித்திருப்பார். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாள்களில் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதை இப்போதே சரிசெய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மூன்று தடவை வாந்தியில் அவதிப்பட்டவருக்கு, அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசனை பட்டதுமே குமட்டத் தொடங்கிவிடும். அது பழகிப்போனால் வழக்கமான வாந்தி மருந்துகள் அதற்குச் சரியாகக் கேட்பதில்லை.

வாய்ப்புண்ணுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு. தினமும் புதிதாகக் கலந்து, நாளுக்கு 4 முதல் 6 முறை அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பவேண்டும். புண் வந்தபிறகு அல்ல, கீமோ ஏற்றிய மறுநாளே தொடங்கிவிடுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும், ஆனால் வலிக்கிறது என்று பல் துலக்குவதையே விட்டுவிட்டால் கிருமி சேரும். சாப்பாடு ஆறியதாக, மசித்ததாக, காரமும் புளிப்பும் இல்லாமல் இருக்கட்டும். விழுங்கவே முடியாத வலி என்றால் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை மருத்துவர் எழுதித்தருவார். அதைத் தடவிய பிறகு புரையேறாமல் மெதுவாகச் சாப்பிடவேண்டும். நாக்கில் தயிர் படிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கொப்பளித்தால் போகாது, மருந்து வேண்டும்.

பொறுத்துக்கொள்ளவே கூடாதவை இரண்டு. டாக்ஸோரூபிசின் ஏறும்போது கையில் எரிச்சல், வலி, வீக்கம் என்றால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடவேண்டும். சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையையும் தோலையும் அழுகவைக்கும். பாட்டில் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் விஷயமே இல்லை. (ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.)

இன்னொன்று காய்ச்சல். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை அடிமட்டத்தில் இருக்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, நடுக்கத்தோடு குளிரினாலோ, இரவு இரண்டு மணியானாலும் கிளம்பவேண்டும். பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், ரத்தத்தில் ஏறிய கிருமியை ஒன்றும் செய்யாது. அவசர சிகிச்சைப் பிரிவில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடக்கூடும். ‘கீமோ எடுத்து இன்று பத்தாவது நாள், காய்ச்சல் 101’ என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டிய நிலை அது.

அசதி வேறு மாதிரி. ஓய்வு எடுத்தால் போகிற களைப்பு அல்ல இது. நாள் முழுக்கப் படுத்தால் தசை கரைந்து இன்னும் கூடும். 10 நிமிட நடை, காலையும் மாலையும், அதில் தொடங்குங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறதா என்று ரத்த ரிப்போர்ட்டில் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. அம்மாவுக்குத் தெரியாமல் சொல்லவேண்டாம். ஒருநாள் தெரியவரும், பிறகு உங்களிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார். அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கீமோ ஏற்றிய நாள் 1. தினமும் ஒரே ஒரு வரி, அம்மா கையாலேயே. ‘ரொம்ப வாந்தி’ என்று எழுதினால் மருத்துவருக்குப் பயனில்லை, எண் வேண்டும். ‘நாள் 3: வாந்தி 4 முறை, இரவு மாத்திரை போட்ட பத்து நிமிடத்தில் வெளியே வந்தது, தண்ணீர் 3 டம்ளர்தான் இறங்கியது.’ ‘நாள் 9: வாய் வலி 10-க்கு 6, காய்ச்சல் இல்லை, கெட்டியாக எதுவும் சாப்பிடவில்லை.’ மருத்துவர்களும் தொல்லையின் கடுமையை இப்படித்தான் எண் வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறைக்குள் கூடினால் முதல் தரம், 4 முதல் 6 இரண்டு, 7-உம் அதற்கு மேலும் மூன்று. சிகிச்சை அந்தத் தரத்தைப் பொறுத்து மாறும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடையும் எழுதட்டும்.

அதோடு ஒரு கேள்வி. புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தின் கடைசிக் கேள்வி இது: கடந்த வாரம் உங்கள் வாழ்க்கைத் தரம் ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது, 1 முதல் 7-க்குள் எத்தனை? ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் பழகியவர்கள்கூட இதற்கு 2 என்றோ 3 என்றோ எழுதிவிடுவார்கள். எண் குறைந்துகொண்டே போனால், சோர்வு உடம்பில் மட்டுமா மனசிலும் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்க அதுவே தொடக்கமாகும்.

டாக்டர் அறையில் அம்மா வாய் திறக்க வேண்டியதில்லை, நோட்டை மேஜையில் வைத்தால் போதும். தொல்லைகளைச் சொல்வது ஏதோ பலவீனம் என்று அவர் நினைத்தால் இதைச் சொல்லுங்கள்: பரவிய நிலைப் புற்றுநோய் உள்ள 766 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. தங்கள் தொல்லைகளை அவ்வப்போது கணினி வழியே மருத்துவக் குழுவுக்குத் தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். உங்கள் அம்மாவின் நிலை வேறு, அந்த மாதக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. சொன்னவர்களுக்குக் கெடுதல் வரவில்லை என்பது மட்டும் அவருக்குப் போதும்.

பாக்லிடாக்ஸெல் தொடங்கியதும் நோட்டில் எழுதவேண்டியது மாறும். வாந்தி பெரும்பாலும் இருக்காது. ஏற்றிய இரண்டாம் மூன்றாம் நாள் மூட்டும் தசையும் வலிக்கும், சில நாளில் போய்விடும். கை கால் விரல் மரத்துப்போவது அப்படியல்ல, வாராவாரம் சேர்ந்துகொண்டே வரும், முற்றினால் நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். இங்கே மட்டும் டோஸைக் குறைப்பதோ ஒரு வாரம் தள்ளுவதோதான் சரியான வைத்தியமாக இருக்கலாம் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நரம்புக்கு நல்லது என்று கடையில் விற்கும் அசிட்டைல் எல்-கார்னிடைன் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்து எடுத்தவர்களிடம் சோதித்ததில் அது மரத்துப்போவதை அதிகமாக்கியது. சட்டை பட்டன் போட முடிகிறதா, பேனா வழுக்குகிறதா, நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரிகிறதா என்று வாராவாரம் கேளுங்கள். ‘செருப்பு கழன்றதே தெரியவில்லை’ என்று அம்மா எழுதினால், அடுத்த ஊசிக்கு முன்பே அந்த வரி டாக்டர் கண்ணில் படவேண்டும்.