ஞாயிறு காலை சைக்கிள் குழுவில் சேர நினைக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

தென்சென்னையில் ஒரு சைக்கிள் குழுவில், புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என்னுடையது. பந்தயத்துக்கான குழு இல்லை. ஞாயிறு விடியும் முன் திருவான்மியூரில் கூடி, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முட்டுக்காடு வரை போய், வழியில் டிபன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, என்னிடம் தம்பியின் பழைய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர்தான் இருக்கு. கியர் இல்லை. சேர்த்துக்கொள்வீர்களா? (வேளச்சேரி)

தாராளமாக வாங்க. ஈசிஆர் சமதளம், ஏற்றம் என்று சொல்ல முட்டுக்காடு பாலம் மட்டும்தான், அதற்குக் கியர் தேவைப்படாது. வருவதற்கு முன் உங்கள் தெரு சைக்கிள் கடையில் பிரேக் கட்டை, செயின், டயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாளாக நின்ற வண்டியில் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும், அப்படி இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். அப்புறம் சீட். பாதிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிவரை இறக்குங்கள், அப்போது கால் நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். புது சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம். நாலைந்து வாரம் எங்களோடு வாங்க, ஹைப்ரிட், ரோடு பைக் என்று வேறு வகை சைக்கிள்கள் வைத்திருப்பவர்கள் கேட்டால் ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுப்பார்கள், எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எல்லாரும் 30 வேகத்தில் போவாங்களாமே, நான் பின்தங்கிட்டா நடுரோட்டில் விட்டுட்டுப் போயிடுவீங்களா? (மடிப்பாக்கம்)

இந்தப் பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வராமலே இருக்கிறார்கள். எந்தக் குழுவில் சேர்வதாக இருந்தாலும் முன்கூட்டியே மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை கிலோமீட்டர், சராசரி வேகம் எவ்வளவு, கடைசி ஆளாக யார் வருவார். புதியவர்களுக்கான எங்கள் ரைடில் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர்தான். கடைசியில் ‘ஸ்வீப்’ என்று ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக்கூடாது, நீங்கள் பத்தில் போனால் அவரும் பத்தில்தான் வருவார். நிற்காமல் போகிற குழுக்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கவேண்டிய ‘பிரெவே’ என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அது உங்கள் முதல் குழுவாக இருக்கவேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முடியவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். எதற்கு எல்லாரையும் நிறுத்தவேண்டும் என்று கூச்சப்பட்டு, சொல்லாமல் யூ-டர்ன் போட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இங்கே முட்டுக்காட்டில் தலை எண்ணினால் ஒன்று குறைகிறது, போன் எடுக்கவில்லை, ஸ்வீப் வந்த வழியே, நடுவில் இருக்கும் அக்கரை என்ற ஊர் வரை ஒவ்வொரு ஓரமாகப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போகிறார். மெதுவாக ஓட்டுவதால் யாருக்கும் தொந்தரவு இல்லை, சொல்லாமல் போவதுதான் எங்களுக்குப் பதற்றம்.

நவம்பரில் தனியாக முட்டுக்காடு போனேன். போகும்போது பறந்தேன், திரும்பும்போது உயிரே போய்விட்டது. உடம்பில் ஏதாவது கோளாறா? (அடையாறு)

காற்றுதான். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கே போகும்போது அது முதுகில் தள்ளும், நம் கால்தான் பலமாகிவிட்டது என்று தோன்றும், திரும்பினால் முகத்தில் அடிக்கும். கோடையில் தெற்குக் காற்று எழுந்தால் அப்படியே தலைகீழ். அதனால் போகும்போதே தெம்பில் பாதிக்கு மேல் மிச்சம் வையுங்கள். குழுவாக வந்தால் முன்னால் போகிறவரின் மறைவில் நல்ல வித்தியாசம் தெரியும். ஆரம்பத்தில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள், உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகவே கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக ஒதுங்கினால் சக்கரங்கள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். குழி வந்தால் முன்னால் இருப்பவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார், நீங்களும் உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்குக் காட்டவேண்டும்.

அக்கா, காலை நாலே முக்காலுக்கு நான் மட்டும் தனியாக வீட்டிலிருந்து கிளம்ப அம்மா விடமாட்டேங்கிறாங்க. (பள்ளிக்கரணை)

அம்மா சொல்வது நியாயம். தனியாகக் கிளம்பாதீர்கள். குழுவில் உங்கள் ஏரியா பெயரைப் போட்டுக் கேளுங்கள், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் இருந்தால் உங்கள் தெருமுனையிலேயே சேர்ந்துகொள்வார்கள். யாரும் இல்லை என்றால் சைக்கிளோடு அப்பாவோ அண்ணனோ கொண்டுவந்து விடட்டும், முதல் சில வாரம் அப்படி வந்தவர்கள் நிறைய. முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் இரண்டும் கட்டாயம். லொகேஷனை வீட்டுக்கு ஷேர் பண்ணிவிடுங்கள். சுடிதாரில் ஓட்டலாம், துப்பட்டா வேண்டாம், பேன்ட்டின் வலது கால் முனையை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் செயின் இழுத்துக்கொள்ளும்.

எனக்கு 58 வயதும்மா. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வரலாமா? (பெசன்ட் நகர்)

வாங்க சார், ஆனால் முதலில் உங்கள் டாக்டரிடம், காலையில் இரண்டு மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டப்போகிறேன், மாத்திரையை எப்போது போடுவது, என்ன சாப்பிட்டுக் கிளம்புவது என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் ஓட்டினால் சர்க்கரை சடாரென்று இறங்கும். பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள், ரைடு நடத்துகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கை நடுங்கினாலோ, குப்பென்று வியர்த்தாலோ உடனே ஓரமாக நிறுத்தி குளுக்கோஸ் சாப்பிடுங்கள். முட்டுக்காடு வரை போகவேண்டும் என்பதும் இல்லை, அக்கரையிலேயே திரும்பிவிடலாம், கூட ஆள் வரும்.

பஞ்சர் ஆனால்? (தரமணி)

போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஆனால் டியூப் உங்களுடையதாக இருக்கவேண்டும், ஏனென்றால் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழற்ற இரண்டு லீவர் போதும். வால்வு ஒல்லியாக இருந்தால் அது பிரெஸ்டா, பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் நேராகப் பொருந்தாது, சின்ன அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தா, ஜெர்சி, ஹெல்மெட்? (திருவான்மியூர்)

சந்தா இல்லை, டிபன் செலவு அவரவருடையது. ஜெர்சி உங்கள் இஷ்டம். சைக்கிளுக்கு ஹெல்மெட் போடவேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வந்தால் நான் கூட்டிப்போகமாட்டேன், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்காரவேண்டும், பட்டையை மாட்டினபின் தாடைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

மழை பெய்தால் ரைடு உண்டா? (நீலாங்கரை)

பெரிய மழை என்றால் கிடையாது. தண்ணீருக்கு அடியில் குழி எங்கே என்று தெரியாது. நாலரை மணிக்கு குழுவில் செய்தி போடுவேன், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.