கிட்டார் குமிழும் அலமாரிக் கைப்பிடியும்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். ஒலியளவையும் தொனியையும் மாற்றும் மூன்று குமிழ்களில் இரண்டைக் காணோம். பழைய சமையலறை அலமாரியில் இருந்து கழற்றிய குமிழ் வடிவப் பித்தளைக் கைப்பிடிகள் நான்கு வீட்டில் சும்மா கிடக்கின்றன. அவற்றையே மாட்டலாமா, இல்லை புதிதாக வாங்குவதுதான் நல்லதா?
– சிங்கப்பூர் யீஷூன் வாசகர்

பதில்: தாராளமாக மாட்டலாம். முதலில் கிட்டாரில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பாருங்கள். நடுவில் பிளந்து, சுற்றிலும் பல் பல்லாக இருந்தால் அழுத்தி மாட்டும் வகை. வழுவழுப்பான முழு உருளை என்றால், பக்கவாட்டில் குட்டித் திருகு வைத்து இறுக்கும் வகை. ஃபெண்டர் டெலிகாஸ்டர் என்ற கிட்டாரின் உலோகக் குமிழ் அப்படித்தான்.

ஆசியாவில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் 6 மி.மீ. தண்டும் 18 பல்லும் இருக்கும். அமெரிக்கப் பாகம் போட்டவற்றில் பிளந்த தண்டுக்கு 24 பல். முழுத் தண்டு என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கடைக் குமிழ் வாங்கி ஏமாறுவது இந்த இடத்தில்தான். நீங்களே துளை போடுவதாக இருந்தால் பல் கணக்கு தேவையில்லை, விட்டம் போதும். காலிப்பரால் (விட்டம் அளக்கும் கருவி) அளந்துகொள்ளுங்கள்.

அலமாரிக் கைப்பிடியின் அடியில் பொதுவாக எம்4 (4 மி.மீ.) திருகுக்கான துளை இருக்கும். நடுப்புள்ளி தேடும் தலைவலி இல்லை. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து 5 மி.மீ., அப்புறம் நீங்கள் அளந்த தண்டின் விட்டம் என்று படிப்படியாக அகலப்படுத்துங்கள். எவ்வளவு ஆழம் என்பதற்கு டிரில் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் திருப்பும்போது குமிழ் தலையாட்டும். ஸ்டாண்டில் பொருத்திய டிரில் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். கைப்பிடி எடையே இல்லாமல் இருந்தால் உள்ளே வெற்றிடம், துளை போட்டால் ஓடு கிழியும். அதைத் தொடாதீர்கள்.

பிளந்த தண்டில் குமிழ் தளர்வாக இருந்தால் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு சுற்று போதும். சிம் லிம் டவரில் கிடைக்கும் (ஸ்கொயர் அல்ல, டவர், உதிரிப் பாகக் கடைகள் அங்கேதான்). முழுத் தண்டுக்குப் பக்கவாட்டில் 2.5 மி.மீ. துளை போட்டு, எம்3 மரை (திருகுப் புரி) வெட்டி, தலையில்லாத திருகால் இறுக்க வேண்டும். சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை ஒட்டினேன். பசை தண்டு வழியே உள்ளே இறங்கி, வால்யூம் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாகத்தையே மாற்றினேன்.

பித்தளை என்பதால் இன்னொன்று. தண்டும் உலோகம், அதன் கூடும் எர்த் ஆகியிருக்கிறது என்றால் பிரச்சினையில்லை. தண்டு பிளாஸ்டிக்காக இருந்தால், குமிழைத் தொடும்போது ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இரைச்சல் வரலாம். அளவையும் பாருங்கள்: அலமாரிக் கைப்பிடி பல நேரம் 30 மி.மீ. அகலம், டெலிகாஸ்டர் குமிழோ ஏறக்குறைய 19. பக்கத்துக் குமிழில் இடிக்கலாம், வாசிக்கும் கையிலும் படலாம்.

செலவு? டிரில், மரை வெட்டும் கருவி இரண்டும் இருந்தால் ஏறக்குறைய இலவசம். இல்லையென்றால் கருவி வாங்கும் காசுக்குக் கடைக் குமிழே மலிவு. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடாமல் இருந்திருந்தால், பழைய ரேடியோ குமிழ் பொறுக்கி வாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கேள்வி: "எல்லா கிட்டாருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த குமிழ்களை இணையத்தில் வாங்கினேன். பொருந்தவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விற்றவர் இங்குள்ள வணிகர் என்றால் கேட்கலாம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), பொருள் விளம்பர விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. முதலில் மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் விலைக் குறைப்பு அல்லது பணம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

தனி ஆளிடம் வாங்கியதற்கு இந்தச் சட்டம் செல்லாது. வெளிநாட்டு வணிகர் என்றால் தளத்தின் 'திரும்ப அனுப்பும்' பொத்தானை இன்றே அழுத்துங்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் குமிழில் துளை போட்டுப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு கேட்டால் எதுவும் நடக்காது.