மூன்று பெரிய துளைகள் உள்ள சாக்கெட்

இரண்டு இதழ்களுக்கு முன், காயலான் கடைக்குப் போகும் பழைய ஒர்க்ஸ்டேஷன்களை (வரைபடம், டிசைன் போன்ற கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்களை) பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வட ஆற்காட்டின் எல்லாத் திசையிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. (இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்கள். எங்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதான்.) பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகும் கேபிள். காட்பாடியில் 1994 முதல் மானிட்டர் பழுது பார்க்கிறேன். என் கைக்கு வந்த ஒர்க்ஸ்டேஷன் திரைகளில், படக்குழாய் கெட்டு வந்ததைவிடக் கேபிள் தவறாகப் போட்டு வந்தவையே அதிகம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

ஐயா, மூடிப்போன ஒரு டிசைன் ஆபீஸின் சாமான்களை எடைக்கு எடுத்தவரிடம் சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் பழைய பிரிண்டர் சாக்கெட் அளவில் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பெரிய துளைகள், பத்துச் சின்னத் துளைகள். சாதாரண மானிட்டரை இதில் மாட்ட முடியுமா?
*வாசகர், ராணிப்பேட்டை*

முடியும். ஆனால் கேபிள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தச் சாக்கெட்டுக்கு 13டபிள்யூ3 என்று பெயர். மொத்தம் 13 இணைப்பு, அதில் 3 கோஆக்சியல். பிரிண்டர் சாக்கெட் அளவு என்று நீங்கள் சொன்னது மிகச் சரி, 25 பின் சாக்கெட்டின் அதே தகரக் கூடுதான். ஒரு பக்கம் இரண்டு பெரிய துளைகள், நடுவில் ஐந்தும் ஐந்துமாக இரண்டு வரிசை, மறு பக்கம் ஒரு பெரிய துளை. பெரிய துளைகள் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஊசி, சுற்றிலும் உலோக வளையம். அதாவது கேபிள் டிவி ஒயர் எப்படி இருக்குமோ அதே அமைப்பு பிளக்குக்குள்ளேயும் தொடர்கிறது.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? ஐபிஎம் 1987-இல் விஜிஏ (சாதாரண கம்ப்யூட்டரை மானிட்டரோடு சேர்க்கும் முறை) கொண்டுவந்தபோது அதன் படம் 640×480. வினாடிக்குச் சுமார் 2.5 கோடிப் புள்ளிகள் ஒயரில் போனால் போதும். சன் ஒர்க்ஸ்டேஷனின் 1152×900 படத்துக்கு வினாடிக்கு 9 கோடிக்கு மேல் போக வேண்டும். அந்த வேகத்தில் சாதாரண பின்னும் துளையும் போதாது. ஒயர் முழுக்க 75 ஓம் (வேகமான சிக்னலுக்கு ஒயர் காட்டும் தடை) என்று வைத்துவிட்டு, பிளக்கில் மட்டும் அந்தக் கணக்கு உடைந்தால், உடைந்த இடத்தில் சிக்னல் கொஞ்சம் திரும்பி ஓடும். எழுத்தின் ஓரம் மங்கும். நாள் முழுக்க மெல்லிய கோடுகளைப் பார்த்து வரைபடம் போடுகிறவருக்கு அது ஆகாது. ஆகவே மூன்று நிறத்துக்கும் மூன்று கோஆக்சியல்.

சரி, இனிமேல்தான் கவனம் வேண்டும். இதே சாக்கெட்டை சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனமும் வைத்தது, ஐபிஎம்மும் வைத்தது, நெக்ஸ்ட் நிறுவனத்தின் வண்ண மெஷினிலும் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் கேபிள் இன்னொன்றில் சிக்கலில்லாமல் நுழையும். நிறம் மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனால் நடுவில் உள்ள பத்துச் சின்னப் பின்களில் எது எது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்தது.

படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்க வேண்டும், படம் எங்கே தொடங்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் சிக்னலுக்கு சிங்க் என்று பெயர். இரண்டும் ஒரே ஒயரில் வந்தால் காம்போசிட் சிங்க். சன் மெஷினில் அது வருவது 5-ஆம் பின்னில். சிலிக்கான் கிராஃபிக்ஸின் இண்டி, ஆக்டேன் போன்றவற்றில் அது 3-ஆம் பின். அதைவிட மோசம் 4-ஆம் பின். சன்னில் அது கிரவுண்டு. சிலிக்கான் கிராஃபிக்ஸில் அதே பின்னில் ஹாரிசான்டல் டிரைவ் (வரிகளுக்கான சிக்னல்) வெளியே வருகிறது. சன் கேபிளைக் கொண்டுபோய் அதில் மாட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிக்னலை நேராக கிரவுண்டில் தள்ளுகிறீர்கள்.

2002-இல் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் அறைக்கு இப்படித்தான் கூப்பிட்டார்கள். கிராஃபிக்ஸ் அட்டை மாற்ற வேண்டும், பெரிய செலவு ஆகும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். திரையில் படம் உருண்டுகொண்டே இருந்தது. அட்டையைத் தொடுவதற்கு முன் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு முனைக்கும் பின் பின்னாகப் பார்த்தேன். அரை மணி நேரம். மெஷின் இண்டி, கேபிள் சன்னுக்கானது. 3-ஆம் பின்னில் நிற்க வேண்டிய ஒயர் 5-இல் நின்றது. பிளக்கைத் திறந்து, 4-இன் ஒயரை வெட்டிவிட்டு, சிங்க் ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். படம் நின்றது. அந்த அட்டைக்கு எந்தச் சேதமும் இல்லை என்று தெரிந்தபோது அந்த அறையில் இருந்த பெண் பிள்ளை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை அவர் ஒரு மாடலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ‘சன்னிலிருந்து விஜிஏ’ அடாப்டர். வெறும் ‘13டபிள்யூ3 அடாப்டர்’ என்று கேட்காதீர்கள். கையில் வந்ததும் மெஷினில் மாட்டாமல் மீட்டரில் பாருங்கள்: 5-ஆம் பின் விஜிஏ பக்கம் 13-ஆம் பின்னுக்குப் போக வேண்டும், பெரிய மூன்றும் 1, 2, 3-க்குப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று. சன் மெஷின் ஆன் ஆகும்போது, எந்த மானிட்டர் இருக்கிறது என்று மூன்று சென்ஸ் பின்கள் மூலம் பார்க்கும். அடாப்டரில் அந்த மூன்றும் எங்கும் இணையாமல் இருந்தால், மெஷின் 1152×900, 66 ஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அதற்கு மானிட்டர் 61.8 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 61,800 வரிகள்) ஏற்க வேண்டும், 17 அங்குல எல்சிடி பெரும்பாலும் ஏற்கும். அதே மெஷின் 1280×1024, 76 ஹெர்ட்ஸ் அனுப்பினால் 81.1 கிலோஹெர்ட்ஸ். பல எல்சிடிகள் 80-உடன் நின்றுவிடும், ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று எழுதும். அப்போது அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

எங்கள் பழைய சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷினில் சரியான அடாப்டர் போட்டுத்தான் எல்சிடி மானிட்டர் மாட்டினோம். படம் நிலையாக நிற்கிறது, ஆனால் எல்லாம் பச்சை. கருப்புகூட பச்சையாகத்தான் தெரிகிறது. மானிட்டர் போய்விட்டதா?
*வாசகர், குடியாத்தம்*

போகவில்லை. பச்சை நிற ஒயரிலேயே சிங்க்கையும் ஏற்றி அனுப்பும் வழக்கம் இந்த மெஷின்களில் உண்டு. படம் 0.7 வோல்ட், அதற்குக் கீழே சிங்க் 0.3 வோல்ட், ஆக 1 வோல்ட். ‘எது கருப்பு’ என்பதை மானிட்டர் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அளந்துகொள்ளும். உங்கள் மானிட்டர் அளப்பது சிங்க் கீழே இறங்கி நிற்கும் நேரத்தில். அந்தக் குழியைக் கருப்பு என்று நினைத்துக்கொண்டதால், உண்மையான கருப்பு அதற்கு 0.3 வோல்ட் மேலே, பச்சையாகத் தெரிகிறது. சிவப்பு, நீல ஒயர்களில் சிங்க் இல்லை, அதனால் அவை சரியாக இருக்கின்றன.

மானிட்டர் மெனுவில் ‘கிளாம்ப்’ (கருப்பை அளக்கும் நேரம்) என்று ஏதாவது இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள், சில மாடல்களில் அதுவே போதும். இல்லையென்றால் விவரக் குறிப்பில் ‘சிங்க் ஆன் கிரீன்’ என்று அச்சிட்ட மானிட்டர் தேடுங்கள். நிறச் சரிபார்ப்பில் பச்சையைக் குறைத்து ஒப்பேற்றாதீர்கள். ஒரு ஸ்கேன் சென்டரில் அப்படிக் குறைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கருப்பு கருப்பாக வந்தது, வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. சாம்பலின் ஒவ்வொரு படியையும் பார்த்து ஒரு டாக்டர் முடிவு சொல்லும் திரை அது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அண்ணா, நான் சத்துவாச்சாரியில் சிசிடிவி வேலை செய்கிறேன். பின்னால் ஐந்து பிஎன்சி (நுழைத்துத் திருகிப் பூட்டும் வட்ட) சாக்கெட் உள்ள பெரிய மானிட்டர் ஒன்று கிடைத்தது. வேறொரு ஆபீஸில் நெட்ஒர்க்குக்குப் போட்டிருந்த பழைய பிஎன்சி ஒயரை வெட்டிப் போட்டேன். எழுத்துக்கு வலது பக்கம் நிழல் விழுகிறது. ஏன்?
*வாசகர், வேலூர்*

தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பழைய நெட்ஒர்க் ஒயர் ஆர்ஜி-58, அது 50 ஓம். நீங்கள் தினமும் கேமராவுக்கு இழுக்கும் ஆர்ஜி-59, 75 ஓம். பிளக் இரண்டுக்கும் ஒரே மாதிரி. திரைக்கு வேண்டியது 75.

இதை எனக்குப் பிடித்த ஒரு கணக்கால் சொல்கிறேன். 1280×1024 படம் 60 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 10.8 கோடிப் புள்ளிகள். கோஆக்சியலில் சிக்னல் வினாடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் ஓடுகிறது. வகுத்துப் பாருங்கள்: திரையில் கால் மில்லிமீட்டர் இருக்கும் ஒரு புள்ளி, ஒயருக்குள் சுமார் 6 அடி நீளம்! உங்கள் ஒயர் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் வாசலில் 50-ம் 75-ம் சேராததால் சிக்னலில் 5-இல் ஒரு பங்கு திரும்பி ஓடுகிறது. மெஷின் வாசலில் அதில் மறுபடி 5-இல் ஒரு பங்கு முட்டித் திரும்புகிறது. ஆக 100-க்கு 4 பங்கு, போக வர 24 அடி தாமதமாக, நான்கு புள்ளிகள் தள்ளி வலது பக்கம் வந்து விழுகிறது. நீங்கள் பார்க்கும் நிழல் அதுதான். சாதாரணப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் உடனே தெரியும்.

ஆர்ஜி-59-ஐப் போடுங்கள். நிறம் மூன்றுக்கும் ஒரே நீளமாக வெட்டுங்கள், ஒன்று மட்டும் நீண்டால் அந்த நிறம் தள்ளி விழும். மீதி இரண்டு பிஎன்சி ஹாரிசான்டல் சிங்க், வெர்டிகல் சிங்க். ஒயரின் நிறத்தை நம்பாமல் மானிட்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அப்புறம், பின்னால் ‘75 ஓம்’ என்று ஒரு குட்டி சுவிட்ச் இருந்தால் அது ஆனில் இருக்க வேண்டும். ஆஃபில் இருந்தால் படம் கண் கூசும் அளவுக்கு வெளிச்சமாகும்.

உங்கள் வேலைக்கே உதவும் ஒன்று: ஒயரின் ஒரு முனையை மானிட்டரில் மாட்டி, பவர் போடாமல், மறு முனையில் நடு ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 75 காட்டினால் பெரும்பாலும் ஒயரும் நல்லது, மானிட்டர் வாசலும் நல்லது. ஒன்றுமே காட்டாவிட்டால் நடு ஊசி விட்டுப்போயிருக்கிறது. வேலூர் வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கிடந்த ஒயர் என்றால் முதலில் இதைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பிளக்கை ஒயரில் நசுக்கிப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடத்தில் ஒரு இழை உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது.

சன் மானிட்டரில் குறுக்கே முடி போல மெல்லிய கோடு தெரிகிறது. கேபிள் மாற்றியும் போகவில்லை.
*வாசகர், ஆற்காடு*

போகாது. சன் விற்ற பல மானிட்டர்களுக்குள் இருப்பது சோனியின் ட்ரினிட்ரான் குழாய். அதில் மெல்லிய கம்பிகள் நெட்டாக நிற்கும், அவை அதிராமல் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒன்றோ இரண்டோ கம்பிகள் கட்டியிருக்கும். அதன் நிழல்தான் இது. பழுது அல்ல. கோடு போக்குகிறேன் என்று மூடியைத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், ஆஃப் செய்த பிறகும் நிற்கும்.

எல்லாம் சரியாக மாட்டிவிட்டேன். மீட்டரிலும் பார்த்துவிட்டேன். சன் மெஷினில் மின்விசிறி ஓடுகிறது, டிஸ்க் சத்தம் கேட்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.
*வாசகர், வாலாஜாபேட்டை*

கீபோர்டு மாட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சன் மெஷின் ஆன் ஆகும்போது கீபோர்டைக் காணாவிட்டால், திரை வேண்டாம் என்று முடிவுசெய்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சீரியல் போர்ட்டில் அனுப்பிவிடும். காயலான் கடையில் மெஷினும் கீபோர்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. அந்த மெஷினுக்கு உரிய வட்ட பிளக் உள்ள சன் கீபோர்டே வேண்டும், பிசி கீபோர்டு ஆகாது. அது கிடைக்கும்வரை, சீரியல் ஒயரில் 9600 வேகத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை இணைத்தால் மெஷின் பேசுவதை அதில் படிக்கலாம். கீபோர்டு கிடைத்ததும் மெஷினை ஆஃப் செய்துவிட்டு மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள். படம் வந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.