ஒரு நண்டுக்கு எத்தனை முட்டை?

கேள்வி: குன்னூர் மார்க்கெட்டில் வாங்கிய கடல் நண்டின் வயிற்று மடிப்புக்கடியில் கருப்பாக, மணல் மாதிரி ஒட்டியிருந்தது. அழுக்கா? – வாசகி, வெலிங்டன்

பதில்: முட்டையம்மா! முதலில் ஆரஞ்சாக இருக்கும். மஞ்சள் கரு தீர்ந்து, குஞ்சுக்குக் கண் வர வரக் கருக்கும். உங்களுடையது பொரிக்கும் தறுவாயில் வலையில் மாட்டியிருக்கிறது, பாவம். நீலக்கால் நண்டு ஒரே ஈட்டில் பல லட்சம் முட்டை சுமக்கும்; உடம்பு பெருத்தால் எண்ணிக்கையும் கூடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தபோது சேமித்த விந்தணுவை வைத்தே அடுத்த ஈடும் போட்டுவிடும். அத்தனையும் பிழைக்காது, பொரித்த குஞ்சுகள் கடலில் மிதக்கும்போதே பெரும்பாலும் இரையாகிவிடும்.

நம் மலை ஓடை நண்டு வேறு ரகம். கொஞ்சம் முட்டை, ஆனால் பெரிது. குஞ்சு நண்டாகவே வெளிவந்து தாயின் மடிப்பில் ஒட்டிக்கிடக்கும்.

அப்புறம், ஓட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சுச் சினை வேறு. அது சூலகம். குழம்பில் வந்தால் நான் விட்டுவைப்பதில்லை.